வலது சக்கரத்து முளை

சாமை அரிசியை மூன்று தண்ணீர் விட்டு அரித்தால்தான் கல் போகும். சசிகலா இரண்டு தண்ணீர் முடித்து, மூன்றாவதை ஊற்றிக் குண்டானைச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருந்தபோது, அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல்லுக்கு அந்தச் சத்தம் வராது. கல் கரகரவென்று உரசும், அவ்வளவுதான். கையை விட்டுத் துழாவினாள். விரல் நீளத்தில், மஞ்சள் பூசிய இரும்பு முளை ஒன்று கையோடு வந்தது.

அது பவர் டில்லரின் வலது சக்கரத்து முளை. சக்கரம் அச்சை விட்டுக் கழன்று போகாமல் குறுக்கே நின்று பிடித்துக்கொள்வது அதுதான். டில்லரோ விடிந்ததும் ஓடைக்கு அக்கரையில் பாறையடிக் கொல்லைக்கு உழப் போய்விட்டது. ஓட்டிக்கொண்டு போனவன் அவள் புருஷன் வெற்றிச்செல்வன்.

"போட்டேனே," என்றாள் அடுப்பைப் பார்த்து. அடுப்பு என்ன சொல்லும்?

போட்டது நன்றாக நினைவிருந்தது. முளையைச் செருகியது, நுனியில் கிளிப்பை மாட்டியது, விரலில் கிரீஸ் ஒட்டியது, அதைப் பாவாடையில் துடைத்தது எல்லாம் நினைவிருந்தது. ஆனால் இடது சக்கரமா, வலது சக்கரமா, இரண்டுமா என்று கேட்டுக்கொண்டால் பதில் வரவில்லை.

நாவல்மரத்தூரில் வீடுகள் மொத்தம் பதினான்கு. புதூர்நாட்டு மலையில் அதைவிடச் சின்ன ஊர்களும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஊரின் மகளிர் குழுவுக்கு ஒரு டில்லர் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள யாராவது கணியம்பாடிக்குப் போய் ஐந்து நாள் படித்துவிட்டு வரவேண்டும் என்றபோது, ஒன்பதாவது வரை படித்த சசிகலாவைப் பிடித்து அனுப்பினார்கள். போய் வந்ததிலிருந்து அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடிவதில்லை. வண்டியைச் சேறோடு கொண்டுவந்து விட்டால் வாங்கமாட்டாள். உழும் கத்திகளில் சுற்றிய பயிர்த்தாளையெல்லாம் அரிவாள் முனையால் கெல்லி எடுத்து, கழுவி, காயவைத்து, துருப்பிடிக்காமல் இலுப்பெண்ணெய் தடவி, காற்று வடிகட்டியைத் திறந்து காட்டினால்தான் அடுத்த வீட்டுக்கு வண்டி நகரும். அவள் தன் மகள் கீதாஞ்சலிக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரியதைவிட டில்லருக்கு வைத்த எண்ணெய்தான் அதிகம் என்று ஊரில் கேலி உண்டு. மகள் திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படிப்பதால், கேலியில் பாதி உண்மையும் உண்டு.

அப்படிப்பட்டவள்தான் ஒரு முளையைப் போடாமல் விட்டாள்.

முளையை ஏன் கழற்ற வேண்டும் என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஆயுத பூசைக்குக் கழற்ற வேண்டும். ஏர் கட்டிய காலத்தில், பூசையன்று நுகத்தடியின் இரண்டு முளைக்குச்சிகளையும் உருவி, புதுச் சாமையரிசி குவித்த முறத்தில் குத்தி நிறுத்தி, சாமி முன்னால் வைப்பார்கள். முளை இல்லாத நுகத்தடியில் மாடு பூட்ட முடியாது. ஏருக்கு மூன்று நாள் ஓய்வு என்று அர்த்தம். டில்லர் வந்த வருஷம், "இதுக்கு நொகத்தடி எங்க கீது?" என்று ஆண்கள் சிரித்தார்கள். சசிகலாதான் சக்கரத்து முளைகளைக் காட்டினாள். இரண்டு மாட்டுக்கு இரண்டு முளை, இரண்டு சக்கரத்துக்கு இரண்டு முளை. ஊர் ஒத்துக்கொண்டது. பூசை சமயத்தில் வண்டி யார் வீட்டு முறையில் நிற்கிறதோ, அந்த வீட்டு முறத்தில் முளைகள் நிற்கும். இந்த வருஷம் சசிகலா வீட்டு முறை.

இன்று மூன்றாம் நாள் கழிந்த விடியல். இரண்டு நாளாகப் பெய்த மழை நேற்றுச் சாயந்திரம்தான் விட்டிருந்தது. சாமை அறுத்த தாள் கொல்லையில் அப்படியே நிற்கிறது. மண் பதமாக இருக்கும்போதே தாளை மடக்கி உழுது கொள்ளு விதைத்தால்தான் பனியில் முளைத்துக் கிளைக்கும். மண் இறுகினால் கொள்ளு இல்லை, இன்னொரு மழை கொட்டினால் டில்லர் இறங்காது. நாளைக் காலை வண்டி அடுத்த முறையான ஜெயசுதா வீட்டுக்குப் போயாக வேண்டும். இருந்தது ஒரே பகல்.

அரை இருட்டில் முறத்திலிருந்து ஒரு முளையை எடுத்து அவள் இடது சக்கரத்தில் போட்டாள். அந்த நேரம் பார்த்து ரோட்டில், மலைக்குச் சாமான் ஏற்றி வரும் சுரேஷின் ஜீப் ஹாரன் அடித்தது. சொல்லிவைத்திருந்த டீசல் கேனைக் கொண்டுவந்திருந்தான். ஓடிப்போய் வாங்கி வந்தாள். திரும்பி வந்து முறத்தைப் பார்த்தபோது அதில் முளை எதுவும் நிற்கவில்லை. அப்படியானால் இரண்டையும் போட்டாகிவிட்டது என்று மனசு சொன்னது. முளை சாய்ந்து அரிசிக்குள் புதைந்து கிடக்கும் என்று யார் கண்டது? அந்த அரிசியையே மூன்று நாள் கழிந்ததும் சோறாக்க வேண்டும் என்பது முறை. முறத்தைக் குண்டானில் கவிழ்த்தாள். "எல்லாம் ஆச்சி மாமா, கெளம்பு," என்று சொல்லியும் அனுப்பினாள். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான்.

முளையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்ச் சரிவு தெரிந்தது. மேகம் பாதி மலையை மூடியிருந்தது. கொல்லை தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது.

டில்லர் சத்தம் அந்த ஊருக்குப் பழக்கம். சசிகலாவுக்கு அதற்கு மேலேயும் தெரியும். கொல்லையின் ஒரு கோடியில் பாறை, மறு கோடியில் புளியமரம். பாறையை நோக்கிப் போகும்போது சத்தம் பாறையில் மோதி இரட்டிப்பாகத் தடதடக்கும். புளியமரத்தை நோக்கித் திரும்பினால் சன்னமாகும். இப்போது தடதடத்தது. கொஞ்ச நேரத்தில் சன்னமாகியது. அந்தச் சன்னமான சத்தம்தான் பயம்.

ஏனென்றால் சரிவில் குறுக்காக ஓட்டும்போது, புளியமரத்துப் பக்கம் போகையில் வலது சக்கரம் மேட்டில் இருக்கும். வண்டியின் கனமெல்லாம் பள்ளத்தைப் பார்த்து இழுக்கும். முளை இல்லாத சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக அச்சை விட்டு வெளியே வரும். திரும்பிப் பாறைப்பக்கம் வரும்போது அதே சக்கரம் பள்ளத்துப் பக்கம். அப்போது கனம் அதன்மேல் சாய்ந்து உள்ளே தள்ளும். ஒரு சுற்றுக்கு வெளியே, மறு சுற்றுக்கு உள்ளே. எந்தச் சுற்றில் வெளியே வந்தது உள்ளே போகாமல் கழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. கழன்றால் அச்சு மண்ணில் குத்தும், கைப்பிடி எகிறி ஆளைப் பள்ளத்தில் வீசும். கத்திகள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கீழ் அடுக்குகள் நான்கும் கல்கட்டுப் போட்ட சமநிலம். அங்கே பயமில்லை. மேல்சரிவுதான் எமன். போன ஆடியில் அங்கே வண்டி வழுக்கி வெற்றிச்செல்வனின் முழங்காலைத் தோலுரித்தது. அன்றிலிருந்து, "மேல இனிமே நான் ஏறமாட்டேன், கொள்ளு வெளஞ்சது போதும்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். காலையில்கூட அதையேதான் சொன்னான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சசிகலா நின்றாள். போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. தொடர்பு கிடைத்தாலும் பயனில்லை. சட்டையைக் கழற்றிப் புளியமரத்தில் மாட்டிவிட்டுத்தான் உழுவான், போன் சட்டையில் இருக்கும்.

"இன்னாமே, வூட்டுக்குள்ள ஒல கொதிக்குது. நீ இங்க நின்னுக்கினு கீற?"

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள். வெற்றிச்செல்வனுக்கு அத்தை முறை, சசிகலாவும் அத்தை என்றே கூப்பிடுவாள். வாய் நிறைய வெற்றிலையோடு, கையில் அவரைக்காய்க் கூடையோடு வந்தாள்.

"அத்தே, முளைய போடாம அனுப்பிட்டேன்."

"எந்த முளைய?"

சசிகலா கையை விரித்துக் காட்டினாள். கெங்கம்மாள் அதைக் குனிந்து பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இத்த நீ வேண்டிக்கினு வெச்சதா? சொல்லாத, சொல்லாத. நான் கேக்கக்கூடாது."

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தே. மறந்துட்டேன்."

"ஆடில அவன் வுழுந்து பொழச்சான் பாரு, அதான் ஒத்த முளைய சாமிகிட்டயே வுட்டுட்டியோன்னு நெனச்சேன். எங்க மாமியாரு அப்பிடித்தான் வுடுவாங்க. எங்க வூட்டுக்காரர மாடு முட்டன வருசம், வெதப்பு முடியற வரிக்கும் ஒத்த முளை முறத்துலயே கெடந்துச்சி. நொகத்தடில பச்சக் குச்சி ஒண்ண வெட்டிச் சொருவிக்கினாரு. யாரும் ஒரு வார்த்த கேக்கல. கேட்டா பலிக்காதில்ல."

"கணியம்பாடில அஞ்சி நாளு படிச்சிட்டு வந்தவ, வண்டி முளைய அப்பிடி வுடுவேனா அத்தே? மாடு குச்சியிலயும் போவும். சக்கரம் போவுமா?"

"அதுவும் சரிதான்," என்ற கெங்கம்மாள் காதை எதிர்ச் சரிவுக்குக் கொடுத்தாள். "ஓடிக்கினுதான கீது சத்தம். ஓடற வரிக்கும் ஒண்ணும் இல்ல. நின்னாத்தான் பயம்."

ஆறுதலுக்குச் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டபிறகு சசிகலாவால் சத்தத்தைத் தவிர வேறெதையும் கேட்க முடியவில்லை.

"நீ போ. ஒலைய நான் பாத்துக்கறேன். ஓடாத, நடந்து போ, வழுக்கும்," என்று கெங்கம்மாள் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

ஓடைவரை இறக்கம். மழையில் ஊறிய செம்மண் காலடியில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டாள். முளை கையில்தான் இருந்தது. அதைப் புடவை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அப்படிச் செய்யப் பயமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தரம் கண்ணை விட்டு மறைந்த இரும்பு அது.

பள்ளத்தில் இறங்க இறங்கச் சத்தம் குறைந்தது. ஓடைக் கரைக்கு வந்தபோது சுத்தமாகக் கேட்கவில்லை. தண்ணீர் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. நின்றுவிட்டதா, இரைச்சலில் கேட்கவில்லையா என்று தெரியாமல் தவித்தாள். வழக்கமாகத் தாண்டும் கல் தண்ணீருக்குள் போயிருந்தது.

"அங்க எறங்காத. முட்டிக்கு மேல கீது."

ரங்கன் ஆடுகளை மடக்கிக்கொண்டு அக்கரையில் நின்றிருந்தான். ஐம்பது வயது, தனியாள். நாள் முழுக்க ஆட்டோடு பேசிப் பழகியதால் மனுஷர் கிடைத்தால் விடமாட்டான்.

"வேற எங்க தாண்டறது அண்ணா? சீக்கிரம் சொல்லு."

"மேல வா. அந்த அத்திமரம் தெரியிது பாரு, அதுங்கிட்ட பரந்து ஓடுது. கணுக்கால் தண்ணிதான். நேத்து நான் அங்கதான் தாண்டனேன். குட்டி ஒண்ணு அடிச்சிக்கினு போவப் பாத்துது, கொம்ப புடிச்சி இழுத்தேன்."

அவள் கரையோரம் மேலே ஓடினாள். ரங்கன் அக்கரையில் அவளுக்குச் சமமாக நடந்துகொண்டே பேசினான். ஓடை இருவருக்கும் நடுவில், பேச்சு மட்டும் கூடவே வந்தது.

"சோறு கொண்டாரியோன்னு பாத்தேன். கையில தூக்கு காணோம்."

"அண்ணா, வண்டிச் சத்தம் கேக்குதா உனக்கு?"

"கேக்குமே. இங்க கேக்காது. அந்த மேட்டுல நின்னா கேக்கும். இப்பதான் அங்கேர்ந்து எறங்கனேன். உங்க வூட்டுக்காரரு இன்னிக்கு ஒரே வேகம்."

"கீழ அடுக்குல தான ஓட்டிக்கினு கீறாரு?"

"கீழ எல்லாம் எப்பவோ முடிஞ்சிது. மேல சரிவுல ஏத்திட்டாரு. ஆடில வுழுந்தப்ப ஏறவே மாட்டேன்னாரு, இன்னிக்கு பாட்டு பாடிக்கினு ஓட்டறாரு. நான்கூட கேட்டேன், இன்னாப்பா தைரியம் வந்துட்டிச்சான்னு. சிரிச்சாரு."

அத்திமரத்தடியில் இறங்கிய சசிகலா தண்ணீருக்குள் நின்றுவிட்டாள். பிடித்துக்கொண்டிருந்த ஒரே சொல்லும் கையை விட்டுப் போனது. காலையில் ஏறமாட்டேன் என்றவன் ஏன் ஏறினான்? எவனாவது உசுப்பேற்றினானா? நாளை வண்டி போய்விடுமே என்ற பேராசையா? திட்டுவதற்கு ஆள் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இரு, வந்து பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள். உடனே, பேசுவதற்கு அவன் இருக்கவேண்டுமே என்று அடுத்த நினைப்பு வந்தது. கண் கலங்கி வழி தெரியாமல் ஆகிவிட்டது.

"இன்னாம்மா ஆச்சி?" என்றான் ரங்கன், அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்து.

"வலப்பக்கச் சக்கரத்துல முளை இல்லண்ணா."

ரங்கனுக்கு டில்லர் தெரியாது. ஆனால் முளை தெரியும். கோலை நீட்டி அவளைக் கரையேற்றினான். ஆடுகளை விட்டுவிட்டு வரவா என்று கேட்டான். அவள் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஏற்றத்தில் பாதி வழியில் சத்தம் திரும்ப வந்தது. மேலிருந்து, உரக்க, பாறையில் மோதித் தடதடவென்று. வாய்விட்டு அழுதுவிட்டாள். உயிரோடு இருக்கிறான். பாறைப்பக்கம் வருகிறான். சக்கரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இந்தக் கோடியில் அவன் வண்டியைத் திருப்புவதற்குள் அங்கே போய்விட வேண்டும். கீழ் அடுக்குகளில் புதிதாக உழுத மண் கணுக்கால்வரை வாங்கியது. நன்றாகத்தான் உழுதிருந்தான். தாள் முழுக்க மடிந்து, மண் பொலபொலவென்று புரண்டு கிடந்தது. வேறு நாளாக இருந்தால் நின்று ஒரு கை அள்ளிப் பார்த்திருப்பாள்.

மூன்றாவது கல்கட்டில் ஏறும்போது சத்தம் திரும்பியது. சன்னமாகத் தொடங்கியது. புளியமரத்துப் பக்கம்.

நான்காவது கல்கட்டில் கையை ஊன்றி ஏறித் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெற்றிச்செல்வன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்று உடம்போடு, சரிவுக்குக் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தான். வலது சக்கரம் மேட்டுப்பக்கம் இருந்தது. அது நேராக உருளவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கோணிக்கொண்டு ஆடியது.

"மாமா!"

கேட்கவில்லை. அந்த எஞ்சின் பக்கத்தில் நின்றால் இடி விழுந்தாலும் கேட்காது. முன்னால் ஓடிப்போய் மறிக்கவும் முடியாது. வண்டிக்குக் கீழ்ப்பக்கம் போகக்கூடாது, மேல்பக்கம் பாறையும் முள்ளும். பின்னாலேயே ஓடினாள். குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். அவனைத் தாண்டி விழுந்தது. இன்னொன்றை எறிந்தாள். தோள்பட்டையில் பட்டு உதிர்ந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, கிளட்ச் கம்பியை இழுத்தான். வண்டி நின்றது. "ஆப் பண்ணு" என்று அவள் கையால் காட்டினாள். எஞ்சினை அணைத்தான். சட்டென்று வந்த அமைதியில் அவள் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"இன்னா சசி, அதுக்குள்ள சோறு ஆயிட்டிச்சா?"

"சக்கரத்த பாரு."

குனிந்து பார்த்தான். முளைத் துளையில் வேலிக்கம்பி ஒன்றைச் செருகி முறுக்கியிருந்தது. ஒரு பக்கம் அறுந்து விறைத்துக்கொண்டு நின்றது. சக்கரம் நான்கு விரல்கடை வெளியே வந்திருந்தது. அச்சில் மிச்சமிருந்தது ஒரு விரல்கணு அளவுதான்.

"கம்பி அறுந்துட்டிச்சா," என்றான் நிதானமாக. "இன்னும் ரெண்டு முறுக்கு போட்டிருக்கணும். இரு, மரத்தாண்ட கம்பி கீது, எடுத்தாறேன்."

"நீயா கம்பி போட்ட? முளை இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"காலைலயே பாத்தேன். நீ சுரேஷாண்ட கேன் வாங்கப் போனியே, அப்ப."

"பாத்துட்டு ஏன் கேக்கல? பாத்துட்டுமா மேல ஏறின? கீழ நாலு அடுக்குதான்னு எங்கிட்ட சொன்னியே."

"பதறாத சசி. நமக்கு ஒண்ணும் ஆவாது."

"எப்பிடி ஆவாது? இன்னும் நாலு முழம் போயிருந்தா கழண்டிருக்கும்."

அவன் நெற்றி வியர்வையை வழித்து உதறினான். கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு வெட்கச் சிரிப்பு அவன் முகத்தில் வந்தது.

"அத்த பேசக்கூடாது. விடு."

"எத்த?"

"நீ வெச்சத." குரலைத் தாழ்த்திக்கொண்டான், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. "ஆடில நான் வுழுந்ததுலேர்ந்து நீ சரியா தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? வலச் சக்கரத்துல முளை இல்ல, நீயோ எல்லாம் ஆச்சின்னு சொல்லி அனுப்பற. அப்ப வேண்டிக்கினு சாமிகிட்ட வுட்டிருக்கன்னு புரிஞ்சிக்கினேன். கேட்டா பலிக்காது, அதான் வாயத் தெறக்கல. மனசுக்கு எப்பிடி இருந்துது தெரியுமா? பயமே போயிடுச்சி. அந்த தைரியத்துலதான் மேல ஏறனேன்."

அவள் மறதியை அவன் வேண்டுதல் என்று நினைத்திருக்கிறான். அவளிடம் இல்லாத அக்கறை ஒன்றின் மேல் ஏறி நின்று, காலையிலிருந்து இந்தச் சரிவில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். அவளுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அவ்வளவு வெட்கமும் வந்தது.

அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டாம். வேண்டுதலைப் பற்றிப் பேசக்கூடாது என்பதுதானே முறை? வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். இடுப்பில் முளையைச் செருகிக்கொண்டு, அவனைக் கீழே இறக்கிக்கொண்டு போய், வீட்டில் வைத்துச் சத்தமில்லாமல் மாட்டிவிடலாம். ஆயுள் முழுக்க, இவள் எனக்காக முளை வைத்தவள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அது அவளுக்கு வேண்டித்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷம் ஒரு முளை இல்லையென்றாலும் அவன் சிரித்துக்கொண்டுதான் ஏறுவான்.

"மறந்துட்டேன் மாமா," என்றாள்.

"இன்னாத்த?"

"முளைய. வேண்டிக்கவும் இல்ல, வெக்கவும் இல்ல. சாமைக்குள்ள பொதஞ்சி கெடந்துச்சி. ரெண்டும் போட்டுட்டேன்னு நெனச்சி உன்ன அனுப்பிட்டேன்." கையை விரித்தாள். இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் முளையின் தடம் சிவந்து பதிந்திருந்தது. மஞ்சள் வியர்வையில் கரைந்திருந்தது.

அவன் முளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நெசமாவா?"

"நெசமா."

"சாமிகிட்ட ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் அவன் சக்கரத்தைப் பார்த்தான். முன்பும் பார்த்திருந்தான், ஆனால் இப்போதுதான் பார்த்தான். சக்கரத்திலிருந்து பார்வை மெல்ல இறங்கிச் சரிவில் போனது. அடுக்குகளைத் தாண்டி, பாறைகளைத் தாண்டி, ஓடைவரைக்கும் போனது. திரும்பி மேலே உழுத இடத்தைப் பார்த்தான்.

"பதினோரு சுத்து ஓட்டிட்டேன்," என்றான். உழுத மண்ணில் அப்படியே உட்கார்ந்தான்.

திட்டுவான் என்று காத்திருந்தாள். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவனோ மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேகம் பாறையை மூடிக்கொண்டு கீழே இறங்கியது. இரண்டு துளி விழுந்தது.

"மழ வருது. சக்கரத்த தள்ளி முளைய போட்டுடலாம், வா," என்றாள்.

எழுந்தான். சக்கரத்துக்குக் கீழே கல்லை அண்டக் கொடுத்து, இருவரும் தோள் கொடுத்து அதை உள்ளே தள்ளினார்கள். அவள் முளையைச் செருகினாள். கிளிப்புக்குப் பதில், கம்பியின் அறுபடாத பக்கத்தை வைத்து அவன் முறுக்கினான். மேலே இன்னும் ஆறு சுற்று பாக்கி இருந்தது.

"எடச் சக்கரம்?" என்றான்.

"போட்டிருக்கு."

"நீ பாத்தியா?"

"நான்தான் போட்டேன். நீயே பாரு."

சுற்றிப்போய்ப் பார்த்தான். முளையைப் பிடித்து ஆட்டினான்.

"கத்தி போல்ட்டு?"

"மொத நாளு முறுக்கனேன். பூசைக்கு மின்னாடி."

"ஸ்பேனர் எங்க?"

வேறு நாளில் அவளிடம் இப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது. வண்டியின் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, கத்தியில் சுற்றியிருந்த தாளை விரலால் பிய்த்துப் போட்டு, ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனரை மாட்டி இழுத்துப் பார்த்தான். முதுகில் தண்ணீர் வழிந்தது. பயந்துவிட்டான். இனி இந்த மனுஷன் பயப்படுவான் என்று நினைத்ததும், காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு நேராக வந்தது.

அவனை அவசரப்படுத்தாமல் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றாள். கடைசிப் பதினாறாவது போல்ட்டையும் முறுக்கிவிட்டு, அவன் மறுபடி முதல் போல்ட்டுக்கு வந்தான்.